கூரை கேட்காத சாமி

கோயில்காடுகளில் திருப்பணி செய்யும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், உபயதாரர்கள், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து பணம் அனுப்பும் பங்காளிகள், மாமன் மைத்துனர்கள் எல்லோருக்கும்:

இந்த மடல் ஏதோ ஓர் ஊர்க் குழுவை மட்டும் மனதில் வைத்து எழுதியதில்லை. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் பக்கத்திலும் விழுப்புரம், கடலூர்க் கரையோரத்திலும் அய்யனாரும் கருப்பரும் காளியும் முனியும் காட்டுக்குள் குடியிருக்கும் எந்த ஊரில் நோட்டீஸ் அடித்துத் திருப்பணி தொடங்கியிருந்தாலும் அந்த ஊர்க் குழுவுக்கு இது. உங்களைப் பக்தி இல்லாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொந்த வேலையைப் போட்டுவிட்டு, வீடு வீடாகத் தலைக்கட்டு வரி வசூலித்து, செங்கல் கணக்கும் சிமென்ட் கணக்கும் எழுதி, நூறு ரூபாய் இடித்தாலும் ஊர் வாயில் விழுந்து எழ வேண்டிய பொறுப்பு அது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சாமிக்குக் கோயில் கட்டுவதாக நினைத்துக்கொண்டு சாமியின் கோயிலை இடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் காடுதான் கோயில்.

பணி எப்படித் தொடங்கும் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிட வந்த வெளியூர்ப் பங்காளி ஒருவர், "அம்மாவால் நடக்க முடியவில்லை, பாதையைக் கொஞ்சம் சரிபண்ணினால் என்ன?" என்பார். நியாயமான பேச்சுதான். பாதைக்கென்று ஜேசிபி வரும். மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி வந்த வண்டி. பாதை வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால் மிச்ச நேரத்தை வீணாக்குவானேன் என்று இரண்டு பக்கமும் சுத்தம் செய்யச் சொல்வோம். காரை, சூரை, சங்கஞ்செடி, ஆதொண்டை, பிரண்டை, காட்டெலுமிச்சை எல்லாம் ஒரு மத்தியானத்துக்குள் குவியலாகிவிடும். அடுத்த வருடம் கார் நிறுத்த இடம். அதற்கடுத்த வருடம் அன்னதானக் கூடம். பிறகு ஹைமாஸ் விளக்கு, எவர்சில்வர் கம்பித் தடுப்பு, வர்ணம் பூசிய சிமென்ட் குதிரை, கல்வெட்டில் நன்கொடையாளர் பட்டியல்.

பெரிய மரத்தில் கைவைக்க மட்டும் யாருக்கும் துணிச்சல் வருவதில்லை. அந்தப் பயம் இன்னும் மிச்சமிருக்கிறது. அதனால் வெட்டாமல் கொல்கிறோம். அடிமரம் வரை பேவர் பிளாக். தண்டைச் சுற்றி வட்டமாக ஒரு மேடை, அதற்குள் இரண்டடி உயரத்துக்குக் கிராவல். மேடைமேல் டைல்ஸ், டைல்ஸில் உபயதாரர் பெயர். தண்டில் ஆணியடித்து டியூப்லைட். வெளிச்சம் வெளியே வர வழியில்லாத அளவுக்கு அதிலும் உபயதாரர் பெயர். மரத்துக்குச் சத்தும் நீரும் எடுத்துக் கொடுக்கிற மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது. கிளை விரிந்திருக்கும் எல்லையைத் தாண்டியும் அவை பரவியிருக்கும். அந்த மண்ணை ரோலர் ஓட்டி இறுக்கிக் கல் பாவினால் காற்றும் இறங்காது, மழையும் இறங்காது. அடித்தண்டை மண்போட்டு மூடினால் பட்டை ஊறிப்போய் அழுகும். ஆனால் மரம் உடனே சாகாது. கும்பாபிஷேகத்தன்று பச்சைப்பசேலென்று நிற்கும். சில வருடம் கழித்து உச்சிக்கொம்பு காயும், பிறகு ஒருபக்கக் கிளை, பிறகு ஒரு காற்றுமழையில் அடியோடு சாயும். "பழைய மரம், அதன் காலம் முடிந்தது" என்பார்கள். மேடையை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

இன்னும் திருப்பணி எட்டிப்பார்க்காத காடு பக்கத்தில் எங்காவது இருந்தால், ஒருமுறை போய்க் குனிந்து பாருங்கள். சாமி இருக்கும் இடத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதையை விட்டு விலக வேண்டாம், பாதையோரமே போதும். மேலே காய்ந்த சருகு. அதை விலக்கினால் ஈரமான கறுப்புச் சருகு, அதற்குள் வெள்ளை நூல்போல ஓடும் பூஞ்சை. அதற்கும் கீழே எது இலை, எது மண் என்று பிரிக்க முடியாத ஒரு படிவு. மரநாய் தின்றுவிட்டுப் போட்ட எச்சத்தில் பழக்கொட்டைகள். உடைந்த மண்குதிரையின் கால் ஒன்று, அதன் ஓட்டைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறியிருக்கும் வேர். இவற்றுக்கு நடுவில், இரண்டே இலையோடு, வீரையின் கன்றோ பாலையின் கன்றோ. அந்தக் கன்றுக்கு வெயில் ஆகாது; சருகுப் போர்வையும் மேலே நிழலும் இருந்தால்தான் பிழைக்கும். நாம் என்ன செய்கிறோம்? கோயிலைச் சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று தினமும் கூட்டிப் பெருக்கி மூலையில் கொளுத்துகிறோம். கன்று எழும்பவே எழும்பாது. வாலிபர்கள் எல்லோரும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட, கிழவர்கள் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஊரைப் போல ஆகிவிடுகிறது அந்தக் காடு.

சோழமண்டலக் கரையோரத்துக் கோயில்காடுகள் சாதாரணக் காடுகளும் இல்லை. வருடத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும் நிலத்தில், பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, வருடம் முழுவதும் இலை உதிர்க்காமல் நிற்கும் காடு அது. உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் சொல்வார்கள். மரங்கள் வானத்தை முட்டாது. குட்டையாக, நெருக்கமாக, தோல்போலத் தடித்த கரும்பச்சை இலையோடு இருக்கும். உலக்கைப்பாலை, வீரை, காயா, காட்டெலுமிச்சை எல்லாம் அங்கே சொந்தக்காரர்கள். கரையோரச் சமவெளியில் இந்தக் காடு விறகாகவும் வயலாகவும் முந்திரித் தோப்பாகவும் ஊராகவும் மாறி ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. மிச்சம் கிடக்கும் துண்டுகளில் பல, சாமி பெயரைச் சொல்லி விட்டுவைத்தவை. மரக்காணம் போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அது அமைந்த செம்மண் மேடு மரமே இல்லாமல் அரித்துக் கிடந்தது. அங்கே இந்த மண்ணுக்குரிய காட்டைத் திரும்ப எழுப்ப நினைத்தவர்கள் விதை தேடிப் போனது இதுபோன்ற கோயில்காடுகளுக்குத்தான். வேறு எங்கே போவது? சாதாரண நர்சரியில் வீரைக் கன்று விற்க மாட்டார்கள்.

ஜேசிபி ஓட்டிய இடத்தில் என்ன முளைக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் விழுந்த இடமெல்லாம் சீமைக்கருவேலம். பிறகு அதை ஒழிக்க இன்னொரு முறை ஜேசிபி.

நம் சாமிகளில் கூரை வேண்டாம் என்று சொன்ன சாமிகள் எத்தனை! மழையும் வெயிலும் மேலே விழ மரத்தடியில் நிற்பதுதான் அவற்றுக்கு உவப்பு. கட்டடம் எழுப்பலாமா என்று பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைக்காமல், அப்படியே விட்ட ஊர்கள் உண்டு. கவுளி சொல்லவில்லை என்று கொண்டுவந்த செங்கல்லைத் திருப்பி ஏற்றிய ஊர்கள் உண்டு. இப்போது பூப்போட்டுக் கேட்பதில்லை. இன்ஜினீயரிடம் எஸ்டிமேட் கேட்கிறோம்.

காட்டுக்குள் கட்டுப்பாடு எழுதிய பலகை எதுவும் கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். செருப்போடு போகக் கூடாது. கொம்பு ஒடிக்கக் கூடாது. காய்ந்து விழுந்த விறகைக்கூட அங்கேயே பொங்கல் வைக்க எரிக்கலாம், வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பாம்பை அடிக்கக் கூடாது. உச்சிவேளையில் போகக் கூடாது, இருட்டிய பிறகு போகவே கூடாது. அது அய்யனார் குதிரையேறிக் காவல் சுற்றும் நேரம். மீறினால் கண் போகும், மாடு சாகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். இதையெல்லாம் எடுத்துக்கொண்டு, "உச்சிவேளையில் வனவிலங்குகள் நீரருந்த வரும் என்பதை அறிந்தே நம் முன்னோர்கள்..." என்று வாட்ஸப்பில் ஒரு விஞ்ஞானம் சுற்றுகிறது. அந்த விளையாட்டுக்கு நான் வரவில்லை. முன்னோர்கள் ஆக்சிஜன் கணக்குப் போட்டுக் காட்டை விட்டுவைக்கவில்லை. பயந்து விட்டுவைத்தார்கள், மதித்து விட்டுவைத்தார்கள். எனக்கு அதுவே பெரிதாகப்படுகிறது. இன்ன நிலம் நமக்கில்லை, இன்ன நேரம் நமக்கில்லை என்று ஓர் ஊரே ஒப்புக்கொண்டு, பசித்த காலத்திலும் பஞ்ச காலத்திலும் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருந்திருக்கிறது. வீட்டில் அடுப்பெரிக்க விறகில்லாத பெண், கண்ணெதிரே உதிர்ந்து கிடக்கும் விறகைப் பார்த்துக்கொண்டே கடந்துபோயிருக்கிறாள். மனிதருக்கு வசதி என்பது அந்த எல்லைக்குள் ஒரு காரணமாகவே எடுபடவில்லை. இன்று திருப்பணிக் கூட்டத்தில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எழுதப்படும் காரணம் அந்த ஒன்றுதான்: "பக்தர்களின் வசதிக்காக."

பழையது எல்லாமே நல்லது என்று நான் வாதாட வரவில்லை. மரத்தைக் காப்பது என்ற பெயரில் கொடுமையும் நடந்திருக்கிறது. சங்ககாலச் சிற்றரசன் நன்னனின் காவல்மரம் ஒரு மாமரம். அதிலிருந்து ஆற்றில் விழுந்து மிதந்துவந்த காயைத் தின்ற ஒரு பெண்ணுக்கு அவன் மரண தண்டனை கொடுத்தான். அவள் எடைக்கு எடை பொன்னும் யானைகளும் தருகிறோம் என்று கேட்டும் விடவில்லை. குறுந்தொகையில் பரணர் இதைச் சொல்லி அவனைத் தூற்றுகிறார். அந்த மரத்தை அவன் காத்தது தன் அதிகாரத்துக்காக. நம் கோயில்காடுகளிலும் யார் எந்த எல்லைவரை வரலாம், யார் எட்ட நின்று கும்பிட வேண்டும் என்ற கோடுகள் இருந்தன, பல ஊரில் இன்றும் இருக்கின்றன. உங்கள்மேல் எனக்குள்ள பெரிய வருத்தமே இங்கேதான். மாற்ற வேண்டிய கோடு அது. அதை விட்டுவிட்டு, மரத்துக்காகப் போட்ட கட்டுப்பாட்டை எடுத்தீர்கள், மனிதருக்காகப் போட்ட கட்டுப்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டீர்கள். கொம்பு ஒடிக்கக் கூடாது என்ற விதி போயிற்று. காலனிக்காரர் வரிப்பணம் வாங்கலாமா என்ற விவாதம் மட்டும் கூட்டத்துக்குக் கூட்டம் நடக்கிறது.

கட்டடம் எழும்பினால் காட்டுக்கு என்ன ஆகிறது என்பதற்குக் கேரளத்தைப் பாருங்கள். அங்கே தறவாடு என்னும் பூர்வீக வீட்டு வளாகங்களின் மூலையில், நாகங்களுக்கென்று விட்ட சிறு காடுகளாகப் பாம்புக்காவுகள் இருந்தன. குடும்பம் பாகம் பிரிந்து, நிலத்துக்கு விலை ஏறியபோது, காவை என்ன செய்வது என்று ஒரு சங்கடம் வந்தது. வழியும் சடங்கிலேயே கிடைத்தது. உரிய பூசகரை அழைத்து, நாகங்களை வேறொரு பெரிய நாகக்கோயிலுக்கு மாற்றிவைத்துவிடலாம். சாமி இடம்பெயர்ந்துவிட்டால் மிச்சமிருப்பது சில மரங்களும் சில சென்ட் நிலமும்தான். வெட்டினால் தோஷம் இல்லை. பாவம் செய்யாமலே காவை அழித்துவிட்டார்கள். நம் திருப்பணியும் இதைத்தான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக. சாமி மண்டபத்துக்குள் போய்விட்டால் காடு வெறும் கோயில் புறம்போக்கு. தரிசு என்று ஏட்டில் ஏற ஒரு தாசில்தாரின் கையெழுத்து போதும்.

ஒடிசாவின் நியமகிரி மலையில் இதற்கு நேர் எதிரானது நடந்தது. டோங்ரியா கோண்டு மக்களுக்கு அந்த மலையே நியம ராஜா. மலையுச்சியில் பாக்சைட் இருந்தது, வேதாந்தா நிறுவனத்துக்கு அது வேண்டியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2013 ஏப்ரல் 18-ஆம் தேதித் தீர்ப்பில், மலையில் அந்த மக்களுக்குள்ள வழிபாட்டு உரிமையையும் சேர்த்து கிராம சபைகளே பார்த்து முடிவு சொல்லட்டும் என்றது நீதிமன்றம். பன்னிரண்டு கிராமங்களில் சபை கூடியது. பன்னிரண்டும் முடியாது என்றன. அந்த மலையில் கோபுரமோ கர்ப்பக்கிருகமோ கிடையாது என்பதைக் கவனியுங்கள். மலையடிவாரத்தில் நியம ராஜாவுக்கு ஒரு சிமென்ட் மண்டபம் கட்டி உட்காரவைத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். "இதைவிடப் பெரிதாக ஒன்று கட்டித் தருகிறோம், கிரானைட்டிலேயே" என்று எந்தக் கம்பெனியும் சொல்லும். நான்குவழிச் சாலைக்காரர்கள் நம் ஊர்ப்பக்கம் அப்படித்தானே சொல்கிறார்கள்? கட்டடத்துக்கு இழப்பீடு உண்டு. மலையை எங்கே கட்டித் தருவார்கள்?

நீலகிரித் தோடர்களின் கோயிலும் கட்டடம்தான், ஆனால் அதைச் சிமென்டில் கட்ட முடியாது. ஊட்டிக்கு அருகே முத்தநாடு மந்தில் கூம்பு வடிவில் நிற்கும் கோயிலைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதற்குக் கூரை வேய மலையுச்சிச் சதுப்புகளில் வளரும் ஒருவகைப் புல்தான் வேண்டும், கட்டுவதற்குச் சோலைக்காட்டுப் பிரம்பு வேண்டும். கூரை பழசானால் பிரித்து மறுபடி வேய வேண்டும். அப்படியானால் சதுப்பு உயிரோடு இருக்க வேண்டும், சோலையும் இருக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பிறகும் அந்தப் புல்வெளிகளைத் தரிசு என்று நினைத்துச் சீகையும் தைலமரமும் நட்டு மூடினார்கள். சதுப்புகளை வடித்துத் தோட்டமாக்கினார்கள். அதனால் இன்று ஒரு கோயிலுக்குப் புல் சேர்க்கவே தோடர்கள் வெகுதூரம் அலைகிறார்கள். சிமென்டுக்கு மாறிவிடலாமே என்று அவர்களுக்கு யோசனை சொல்ல ஆள் இல்லாமலா இருக்கும்? அவர்கள் புல்லைத் தேடிப் போகிறார்கள்.

சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம், பிலிகிரிரங்கன் மலையில் இருக்கும் சோளகர்களிடம் இன்னொரு பாடம். மலைமேல் இருக்கும் ரங்கநாதர் தங்கள் குலப்பெண்ணைக் கட்டிக்கொண்டவர் என்பதால் அவர்களுக்கு அவர் மைத்துனர் முறை. அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மைத்துனர் வீட்டில் போய் நாம் நினைத்ததைப் பிடுங்க முடியுமா? தேன் எடுக்கும்போது அடையில் ஒரு பங்கை விட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். 1970-களில் அந்தக் காடு சரணாலயமானது. அவர்கள் கோடைத் தொடக்கத்தில் வைக்கும் சிறு சருகுத்தீ தடை செய்யப்பட்டது. தீ நின்ற பிறகுதான் உண்ணிச்செடி காடெங்கும் மண்டி, மானுக்குப் புல் இல்லாமல் போனது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. ஆராய்ச்சியாளர்களும் அதைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2011-இல் அந்த மலை புலிகள் காப்பகமான அதே வருடம் அவர்களுக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது. (சோளகர் தீ வைத்தார்களே என்று நம் கோயில்காட்டுச் சருகைக் கொளுத்த யாரும் கிளம்ப வேண்டாம். அது இலையுதிர் காடு, இது வேறு.) உங்கள் ஊரிலும் காட்டைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தலைமுறையாகப் பூசை செய்யும் பூசாரி, பச்சிலை பறிக்கும் கிழவி, ஆடு மேய்க்கும் கோனார், குதிரை செய்யும் வேளார். திருப்பணிக் குழுவில் இவர்களில் ஒருவர் பெயராவது இருக்கிறதா? ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள், நல்லது. 2024 டிசம்பர் 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ராஜஸ்தானின் ஓரண்கள் எனப்படும் கோயில்காடுகள் தொடர்பான வழக்கில், அந்த மாநிலத்தில் சாமிக்கென்று விட்ட காடுகளைத் தரையிலும் செயற்கைக்கோள் படத்திலும் அளந்து, பரப்பு எவ்வளவு சிறிதானாலும் அடையாளம் கண்டு, பாதுகாப்புக்குள் கொண்டுவரச் சொன்னது. நாடு முழுவதற்கும் ஒரு கொள்கை வகுக்க ஒன்றிய அரசுக்கும் பரிந்துரைத்தது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உங்கள் ஊராட்சிக்கு ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருந்தாக வேண்டும். ஊரில் என்னென்ன மரம், செடி, பறவை உண்டு என்று எழுதும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் அதன் பொறுப்பு. அதே சட்டத்தின்கீழ் மாநில அரசு ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் முதலில் அப்படி அறிவிக்கப்பட்டது மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி, 2022 நவம்பரில். இரண்டாவது, 2025-இல், திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரக்கோயில் காடு. அது ஐந்து ஹெக்டேருக்கும் ஒரு பிடி குறைவு. நம் ஊர்க் காடு சின்னது, அதையெல்லாம் யார் மதிப்பார்கள் என்று இனிமேல் சொல்ல முடியாது.

அரிட்டாபட்டியில் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2024 நவம்பரில் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது தெரியவந்தது. மேலூர் வட்டாரமே எழுந்தது. அடுத்த ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தார்கள், 23-ஆம் தேதி ஏலம் ரத்தானது. அவர்கள் முன்வைத்தது ஒரு கோபுரத்தை இல்லை. குன்றுகளை, சுனைகளை, கண்மாய்களை, குடைவரையை, சமணர் படுகையை, ராஜாளிப் பறவையை எல்லாவற்றையும் ஒன்றாகவே வைத்தார்கள்.

இனி என்ன செய்யலாம்? கட்டி முடித்ததை இடிக்கச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். ஆனாலும் மரத்தைச் சுற்றிய மேடைகளையாவது இடித்துவிடுங்கள். உள்ளே நிரப்பிய கிராவலைக் கையால் அள்ளி, அடிவேர் விரியும் இடம் கண்ணுக்குத் தெரியும்வரை திறந்துவிடுங்கள். கிளை நிழல் விழும் எல்லைக்குள் சிமென்ட் வேண்டாம். அன்னதானக் கூடமும் கழிப்பறையும் வேண்டியவைதான், ஆனால் அவை ரோட்டோரத்தில் இருந்தால் சாமி கோபித்துக்கொள்ளப் போவதில்லை. வயதானவர்களுக்குப் பாதை வேண்டும் என்றால் இடைவெளி விட்டுப் பலகைக் கல் பதிக்கலாம், ஒரு சக்கர நாற்காலி போகும் அகலத்துக்கு. பூசை செய்யும் இடத்தை மட்டும் கூட்டி, சருகை மரத்தடியிலேயே தள்ளிவிடுங்கள். விளக்கு திருவிழா இரவுகளுக்குப் போதும். மற்ற இரவுகள் அய்யனாருடையவை, ஆந்தைக்கும் வௌவாலுக்கும் உரியவை. சீமைக்கருவேலத்தை ஓரத்திலிருந்து ஆள்வைத்து வேரோடு எடுங்கள், இயந்திரம் வேண்டாம். எடுத்த இடத்தில் அரளியும் குரோட்டனும் வைத்து நந்தவனம் ஆக்காதீர்கள். அந்தக் காட்டுத் தாய்மரத்தின் விதையையே பொறுக்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பையில் போட்டுக் கன்றாக்கித் தந்துவிடுவார்கள். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு போய், ஏட்டில் உங்கள் காடு என்னவென்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அடுத்த கிராம சபையில் அதைப் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாருங்கள்.

கடைசியாகக் குதிரை. சிமென்ட் குதிரைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எனாமல் பெயிண்ட் அடித்துத்தான் தீர வேண்டும். அந்தப் பெயிண்ட் உரிந்து விழுவது காட்டு மண்ணில்தான். மண்குதிரைக்கு அந்தத் தொல்லை இல்லை. புரவி எடுப்புத் திருவிழாவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் அது பாட்டுக்கு மழையில் ஊறி, உடைந்து, மண்ணாகும். அடுத்த எடுப்புக்கு வேறு குதிரை. நேர்த்திக்கடன் அப்படித்தான் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறது, வேளார் வீட்டிலும் அடுப்பெரிந்திருக்கிறது. வரும் எடுப்புக்குச் சிமென்ட் சிற்பிக்குப் பேசிய முன்பணத்தை நிறுத்திவைத்துவிட்டு, வழக்கப்படி வேளாரிடம் பிடிமண் கொடுங்கள். அவருக்கு இப்போது குதிரை செய்யத் தெரியாமல் இல்லை, மண்தான் கிடைப்பதில்லை. கண்மாயில் களிமண் எடுக்க வட்டாட்சியர் அனுமதி வேண்டும், அதுவும் தண்ணீர் வற்றிக் கிடக்கும் சித்திரை வைகாசியில்தான் ஆகும். மாசி கழிந்ததும் மனு எழுதிவிடலாம். ஊர்க் கையெழுத்து வாங்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
தலைக்கட்டு வரி கட்டும் உங்கள் பங்காளி